ஞாயிற்றுக்கிழமைப் பழுது

கொளஞ்சியப்பன் ஆயுசு முழுக்க பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வரும், எப்போது கிளம்பும், எந்த டிரைவர் டீ குடிக்கிற சாக்கில் இழுத்தடிக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கார் ஓட்டவும் தெரியும். ஆனால் ஒரு வண்டியின் பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்தவரில்லை. அப்படிப்பட்ட மனுஷர் ரிட்டயர் ஆகித் தலை முழுக்க நரைத்த பிறகு, கடலூர் செம்மண்டலத்து வீட்டின் கார் ஷெட்டில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவள் அவர் மகள் காயத்ரிதான்.

சிரிக்க அவள் இல்லை. முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கீரப்பாளையம் பக்கத்தில் அரசாங்க மருந்தாளுநர் வேலை அவளுக்கு. ஊர் ஜனத்துக்கெல்லாம் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவளைக் காய்ச்சலே கொண்டுபோயிற்று. கொளஞ்சியப்பனுக்கும் பொன்னிக்கும் அவள் ஒரே பிள்ளை. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அவள் போன பிறகு மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, சிதம்பரத்திலிருந்து தினமும் வேலைக்கு ஓட்டிப்போக அவள் பழையதாக வாங்கிய சின்ன வெள்ளைக் கார். இன்னொன்று, மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ்.

ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசாதவர். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு இரண்டொரு தடவை செம்மண்டலம் வந்தார். வந்தால் ஹாலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்ப்பார். கொளஞ்சியப்பன் டி.வி.யைப் பார்ப்பார். பொன்னி சமையல்கட்டுக்குள் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு காபியோடு வருவாள். பெண் இருக்கிறவரைக்கும் மாமனார் வீட்டுக்கு வர எந்த மருமகனுக்கும் காரணம் தேவைப்படுவதில்லை. பெண் போய்விட்டால் அதே வாசல்படியை ஏற ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. மூன்று பேருக்கும் இது புரிந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வருவது மெல்ல மெல்லக் குறைந்தது.

பிறகு தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர் காயத்ரியின் காரில் வந்து இறங்கினார். ஓட்டாமல் போட்டால் கெட்டுப்போகும் என்று எடுத்து வந்தாராம். ஹாரன் அடிக்கவில்லை, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மெக்கானிக் எதற்கு, நான் பார்க்கிறேன் என்று கொளஞ்சியப்பன் சட்டென்று சொல்லிவிட்டார். எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மாப்பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

போனில் நாலு வீடியோ பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே பியூஸ் பெட்டி இருக்கிறது என்பது வரைக்கும் விளங்கியது. ஹாரனுக்கு உண்டான பியூஸ் எரிந்துபோயிருந்தது. வீட்டில் கரண்ட் போனால் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஒரு செம்புக் கம்பியைச் சுற்றித் திரும்பச் செருகுவது நம் ஊரில் ஆம்பளையாகப் பிறந்த எல்லோரும் செய்கிற வைத்தியம். அதையே காருக்கும் செய்தார். ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பொன்னி துணி அலசிக்கொண்டிருந்த பக்கெட்டைத் தூக்கிவந்து அப்படியே சீட்டின் மேல் கவிழ்த்தாள். சோப்பு நுரையும் புகையுமாகக் கொளஞ்சியப்பன் வெளியே வந்த கோலத்தைப் பார்த்து ஜெயப்பிரகாஷ் சிரித்துவிட்டார். காயத்ரி போன பிறகு அவர் சிரித்து அந்த வீடு பார்த்ததில்லை. பொன்னியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்று பேரும் அழுதார்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு வயரைக் கொளுத்தினாலும் தகும் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வரும். ஏதாவது ஒன்று எரியாது, அல்லது அடிக்காது, அல்லது சுற்றாது. கொளஞ்சியப்பனும் சும்மா சொல்லக்கூடாது, கற்றுக்கொண்டார். பல்ப் ஹோல்டரில் இரண்டு வயரைக் கட்டி டெஸ்ட் லேம்ப் செய்தார். பிறகு மல்டிமீட்டர் வாங்கினார். ஒரு பக்கத்து இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம் என்பதைத் தெரிந்துகொண்டார். கடல் காத்து அடிக்கிற கடலூரில் பழைய காரின் பாதி வியாதி எர்த்தில்தான் இருக்கிறது என்பது அவர் கண்டுபிடித்த பெரிய உண்மை. விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் விளக்கைத் திட்டுவார்கள். வயர் வந்து வண்டியின் உடம்போடு சேருகிற போல்ட்டில் துரு ஏறியிருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினால் விளக்கு எரியும். இதைத் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஜெயப்பிரகாஷ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார். கொளஞ்சியப்பன் முன்னாலும் பின்னாலும் நின்று எரிகிறது, எரியவில்லை என்று குரல் கொடுப்பார். வீட்டுக்குள் யாராலும் உச்சரிக்க முடியாத பெயர் அந்த நேரத்தில் சுலபமாக வாயில் வந்தது. காயத்ரி ஹாரனை அமுக்கினால் கையை எடுக்கமாட்டாள் என்று ஒருவர் சொல்ல, கண்ணாடியை முகம் பார்க்கத்தான் திருப்பி வைப்பாள் என்று இன்னொருவர் சொல்ல, பொன்னி வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் இரண்டு கிழடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. ஏழாவது நாள்தான் அது வீடாக இருந்தது.

ஆகவே கொளஞ்சியப்பன் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தார். எந்த வேலையையும் முழுசாக முடிப்பதில்லை. வைப்பர் ஓடும், ஆனால் பாதியில் நிற்கும். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் மாப்ள என்பார். வண்டி சரியாகிவிட்டால் மாப்பிள்ளை வருவதும் நின்றுவிடும் என்பது அவர் பயம். பொன்னிக்கு இது தெரியும். பரிமாறும்போது ஒரு பார்வை பார்ப்பாள்.

எத்தனை நாளைக்கு இழுக்க முடியும்? வைகாசியில் காருக்குப் பழுதே இல்லாமல் போயிற்று. எல்லா விளக்கும் எரிந்தது, எல்லா முள்ளும் அசைந்தது. வண்டி நன்றாக ஓடுகிறதே என்று கவலைப்பட்ட ஒரே மனுஷர் கடலூர் மாவட்டத்திலேயே அவராகத்தான் இருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரகாஷ் வரவில்லை. பொன்னி இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்தாள்.

ஆனால் அடுத்த வாரம் கார் வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே எரிகிற விளக்கு எரியவில்லை என்றார் ஜெயப்பிரகாஷ். கொளஞ்சியப்பனுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டாமல் விளக்கின் மூடியைக் கழற்றினார். வயர் அறுந்திருந்தது. துரு இல்லை, உரசல் இல்லை. எலி கடித்தால் மேல் தோல் பிய்ந்து நார்நாராக இருக்கும். இது நகவெட்டியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். சிதம்பரத்துத் தெருப் பையன்கள் மேல் சந்தேகப்பட்டார். வாயைத் திறக்காமல் ஒட்டிக்கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் ஹாரன். அதிலும் அதே மாதிரி சுத்தமான வெட்டு. பானட்டைத் திறக்காமல் அந்த வயரைத் தொட முடியாது. பானட்டைத் திறக்க வண்டிச் சாவி வேண்டும். டார்ச்சைக் கவ்வியபடி குனிந்திருந்த கொளஞ்சியப்பன் வெட்டுப்பட்ட முனையை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. பழுது தீர்ந்துவிட்டதே, இனி எதைச் சொல்லிக்கொண்டு போவது என்று மாப்பிள்ளையும் நம்மைப் போலவே தவித்திருக்கிறார். இங்கே நாம் வேலையை மிச்சம் வைத்தோம், அங்கே அவர் வேலையை உண்டாக்கிக்கொண்டு வருகிறார். கொளஞ்சியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா என்று நினைத்தார். பொன்னியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கரைந்துவிடும் என்பதுபோல் உள்ளேயே வைத்துக்கொண்டார். அன்றைக்கு இன்னொரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எந்த வேலையையும் அவர் பாதியில் விடவில்லை. அவர் முழுசாகச் சரிசெய்வார், மாப்பிள்ளை ஒன்றை வெட்டிக்கொண்டு வருவார். ஆனி, ஆடி இரண்டு மாசமும் இந்தக் கூத்து நடந்தது. காயத்ரி போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்றால் அவைதான்.

ஆடி முடிகிற சமயத்தில் பக்கிரி வந்தான். பொன்னிக்குச் சித்தப்பா மகன், கிள்ளையில் இறால் வியாபாரம். ஒரு பை நிறைய இறாலோடு வந்தவன் சாப்பிட உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டான். யார் கல்யாணம் என்று பொன்னி கேட்டாள். பக்கிரி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் அக்கா என்றான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கல்யாணம் ஜெயப்பிரகாஷுக்கு. பெண்ணுக்கு ஊர் கிள்ளைதான். வெண்மதி என்று பெயர். முதலில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்த பெண், நல்ல குணம். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

வைகாசி என்ற சொல் கொளஞ்சியப்பன் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. வராமல் போன அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நிச்சயம். அதற்கடுத்த வாரம்தான் முதல் வெட்டு. அறுந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு, பாசம் பாசம் என்று உள்ளுக்குள் குதித்த தன் முட்டாள்தனம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை நம்மைத் தேடிக்கொண்டு வரவில்லை. மனசு உறுத்தி, அதற்கு மருந்து தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது.

பொன்னி கோபத்தில் பாத்திரங்களை உருட்டினாள். சின்ன வயசு, எத்தனை நாள் ஒண்டியாகக் கிடப்பார், ஒரு பெண்ணைப் பார்த்தால் தேவலை என்று பங்குனியில் சொன்னவள் அவளேதான். இப்போது அவன் இந்த வாசல் மிதிக்கக்கூடாது என்றாள். கல்யாணம் செய்வது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு மாசமாகத் தன் கையால் மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அழவில்லை, திட்டிக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் கொளஞ்சியப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கார் வந்து நின்றது. பொன்னி உள் அறைக்குப் போய்விட்டாள். கொளஞ்சியப்பன் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். மரியாதையாக, நிதானமாக, குத்தலாக நாலு வார்த்தை. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தார். இந்த வாரம் என்ன என்று கேட்டார். பிரேக் லைட் எரியவில்லை மாமா என்றார் ஜெயப்பிரகாஷ்.

கொளஞ்சியப்பன் குனிந்து பிரேக் மிதிக்குமிடத்தில் டார்ச் அடித்தார். வெட்டுப்பட்ட வயர் கண்ணில் பட்டதும் தயார் செய்த பேச்சு முழுக்கப் பறந்துவிட்டது. நிமிர்ந்தார்.

"பிரேக் லைட்டு வயரயா மாப்ள வெட்டுவீங்க? புதுச்சத்திரம் வளைவுல நீங்க பிரேக் அடிச்சி, பின்னாடி வர்ற லாரிக்காரனுக்குத் தெரியாம அவன் ஏத்தியிருந்தா என்னா ஆவறது? ஒண்ணு போனது போதாதா? உங்களயும் தூக்கிக் குடுத்துட்டு நாங்க எங்க போயி நிக்கறது?"

ஜெயப்பிரகாஷ் தெரியாது என்றோ நானில்லை என்றோ சொல்லவில்லை.

"சொல்லத்தான் மாமா வந்தேன். ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் வந்தேன். அத்தை சோறு போட்டதும் வாய் வரல. சும்மா வந்தா, என்னாத்துக்கு வந்தீங்கன்னு கேட்டுட்டீங்கன்னா..."

"நான் கேப்பனா மாப்ள?"

கொளஞ்சியப்பனுக்கு அதற்குமேல் திட்டத் தெரியவில்லை. சும்மா வரலாம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே. அவரும் அல்லவா வண்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இரண்டு பேரும் காரின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு மீதியையும் ஜெயப்பிரகாஷ் சொன்னார். சொல்லாமல் இழுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அவர்கள் வகையறாவில் பூவும் பொட்டுமாகப் போனவள் வீட்டுத் தெய்வம். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதலில் அவளுக்குப் புதுச் சீலை வைத்துப் படைத்துவிட்டுத்தான் பந்தக்கால் நட வேண்டும். இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான், கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டில் அந்தச் சீலை செத்தவளின் பிறந்த வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். படைத்து முடித்த சீலையை வரப்போகிறவள் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். சீலை வராமல் கல்யாணம் இல்லை என்று ஜெயப்பிரகாஷின் அம்மா தைலம்மாள் பிடிவாதமாக இருந்தாள். கல்யாணத்தைச் சொல்லவே வாய் வராதவர், அதற்குச் சீலையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பார்?

உள் அறைக் கதவு திறந்தது. பொன்னி வாசல் நிலைக்கு வந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கொளஞ்சியப்பன் பயந்துபோய் அவளையே பார்த்தார். அவள் சீலை கொடுக்க முடியாது என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது, கொடுக்கிறேன் என்றால் மாப்பிள்ளையைக் கையால் தாரை வார்த்ததாகிவிடும். பொன்னி ஜெயப்பிரகாஷை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படையல் என்னிக்கு?"

"வர்ற வெள்ளிக்கெழம அத்தை."

"சீலய நான் எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சமையல்கட்டில் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

கொளஞ்சியப்பன் அறுந்த வயரின் தோலைச் சீவி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றினார். மாப்பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். மிதிங்க என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. விடுங்க என்றார். அணைந்தது. இன்னொரு தடவை என்றார். அதுவும் சரியாகத்தான் எரிந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டிரைவர் சீட்டில் இருக்கிறவருக்கு வண்டியின் பின்னால் நிற்கிற ஆள் அழுவது தெரியாது என்று அவர் நினைத்தார். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஜெயப்பிரகாஷ் மறுபேச்சில்லாமல் மிதித்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை கொளஞ்சியப்பனும் பொன்னியும் துணிக்கடைக்குப் போனார்கள். பொன்னி எத்தனையோ சீலைகளைப் பிரிக்கச் சொன்னாள், ஒன்றும் பிடிக்கவில்லை. பொண்ணுக்காம்மா, எப்படி நிறம் இருப்பாங்க என்று கடைப் பெண் கேட்டாள். மாநிறம் என்று சொல்ல வாயெடுத்த பொன்னி நின்றுவிட்டாள். கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினாள்.

"காயத்ரி நெறத்துக்கு எடுக்கறதா, கட்டப்போற புள்ள நெறத்துக்கு எடுக்கறதாங்க?"

கடைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி பார் என்று மட்டும் சொன்னார். கடைசியில் அரக்குச் சிவப்பில் மெல்லிய ஜரிகை போட்டது ஒன்றைப் பொன்னி தேர்ந்தெடுத்தாள். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அங்கே, நாலு பேர் பார்க்க, அழுதாள்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார்கள். தைலம்மாள் வீட்டில் நடு அறையில் மெழுகி, கோலம் போட்டு, மஞ்சள் தடவிய செம்பில் தண்ணீர் வைத்து, அதன் மேல் மல்லிச்சரத்தைச் சுற்றியிருந்தாள். காயத்ரிக்குப் பிடித்த சாமான்களாகப் பார்த்துச் செய்து இலையில் வைத்திருந்தாள். எலுமிச்சைச் சாதத்தில் கடலைக்குப் பதில் முந்திரி போட்டிருந்தாள். காயத்ரி உயிரோடு இருந்தபோது அதே முந்திரிக்காக மருமகளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அம்மாள்தான். காயத்ரியை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டுப் பழகியவள், இப்போது சாம்பிராணிப் புகைக்குள் நின்று, தாயே, வந்து ஏத்துக்கோ, குடும்பத்தக் காப்பாத்து என்று கை கூப்பினாள். செத்தால்தான் இந்த நாட்டில் மருமகளுக்கு மரியாதை வருகிறது என்று கொளஞ்சியப்பனுக்குக் கசந்தது. ஆனால் அவள் கண்ணிலும் நிஜமாகவே தண்ணீர் கொட்டியது. அதையும் அவர் பார்த்தார்.

பொன்னி சீலையை மடிப்புக் கலையாமல் காயத்ரியின் படத்துக்கு முன்னால் வைத்தாள். மேலே பூவும் வளையலும் வைத்தாள். ஜெயப்பிரகாஷ் கீழே விழுந்து கும்பிட்டார். பெண்டாட்டி படத்துக்கு முன்னால் விழுந்தவர் எழுந்திருக்க நேரமாயிற்று. யாரும் எழுப்பவில்லை. கடைசியில் பொன்னிதான் குனிந்து, எழுந்திரிங்க தம்பி என்று தோளைத் தொட்டாள். மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் தம்பி என்று கூப்பிட்டதை அவள் கவனித்தாளோ இல்லையோ, கொளஞ்சியப்பன் கவனித்தார்.

சாப்பாடு ஆயிற்று. தைலம்மாள் வெற்றிலை பாக்கு கொடுத்து, கல்யாணத்துக்கு அவசியம் வந்துவிட வேண்டும் என்றாள். பொன்னி தலையாட்டினாள். வாசலுக்கு வந்தபோது வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. ஜெயப்பிரகாஷ் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொளஞ்சியப்பன் கையில் வைத்தார்.

"வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க மாமா. அந்தப் புள்ள வர்ற நேரத்துல இது வாசல்ல நிக்க வேணாம்னு அம்மா நெனைக்கிறாங்க. உங்ககிட்ட இருக்கறதுதான் எனக்கும் நிம்மதி."

மகள் உட்கார்ந்து ஓட்டிய வண்டி. தேய்த்துத் துடைத்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்த வண்டி. ஒரு நொடி கொளஞ்சியப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துதான் போயிற்று. அடுத்த நொடியே விஷயம் உறைத்தது. யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"இத நாங்க எடுத்துட்டுப் போயிட்டா நீங்க எதுல மாப்ள வருவீங்க?"

கேட்டிருக்கக்கூடாது என்று அப்போதே தெரிந்தது. பஸ் இருக்கிறது, பைக் இருக்கிறது, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஒரு தூரமா? ஜெயப்பிரகாஷ் அதில் எதையும் சொல்லவில்லை. வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லத் தெரியாத ஆள். தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து அவர் அம்மா ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள். தோ வரேன் என்று குரல் கொடுத்தவர், போகாமல் நின்றார். கொளஞ்சியப்பன் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினார். சந்தோஷமாக இருங்க என்றார், மனசாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

வண்டி ஒரு தொந்தரவும் கொடுக்காமல் கிளம்பியது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது. பொன்னி முன் சீட்டில், சீலை எடுத்துப் போன வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பி.முட்லூர் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன்னாராங்க?"

"வரேன்னாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி, வர மாட்டாரு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."